நின்ற சுவருக்கு நிவாரணம்

முதலில் மன்னிப்பு. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள் நான். கடிதம் தவிர வேறு எதையும் எழுதியதில்லை. அதையும் பாதியில் விட்டுவிட்டு “மீதியை ஃபோனில் சொல்கிறேன்” என்று முடிப்பவள். கூட்டத்தில் என் பெயரைக் கூப்பிட்டால் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்ப்பேன். இப்படிப்பட்ட நான், படித்தவர்கள் எழுதும் உங்கள் சஞ்சிகையில் ஓர் இடத்தைப் பிடிப்பது சரியா என்று மூன்று கிழமை யோசித்தேன். எங்கள் ஊர் சாய்ந்தமருதில் இருக்கும் என் மூத்த சகோதரி, ராத்தாதான், “வெளிநாட்டுக்குப் போன எல்லாரும் பனி கொட்டுற கதையத்தான் எழுதுறாங்க. நீ வேற என்னத்தயாவது எழுதுகா” என்றார். அதனால் பனியைப் பற்றி ஒரு வரியும் எழுத மாட்டேன். பிழைகளை நீங்கள்தான் திருத்திக்கொள்ள வேண்டும்.

1

இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் ஒரு சின்னப் பட்டினத்தில் இருக்கிறோம். என் கணவர் நஸார் ஓர் உணவகத்தில் சமைக்கிறார். நான் ஓர் ஆரம்பப் பாடசாலையின் குசினியில் வேலை செய்கிறேன். காலை எட்டு மணிக்குப் போனால் உருளைக்கிழங்கு, கரட், தட்டு, கோப்பை. பகல் மூன்று மணிக்குக் கை ஊறிப்போய் வீட்டுக்கு வருவேன். பன்றி இறைச்சி சமைக்கும் நாட்களில் என்னை இனிப்புச் செய்யும் பக்கத்துக்கு மாற்றிவிடுவார்கள். நான் வாய் திறந்து கேட்காமலே அந்த ஏற்பாட்டைச் செய்து தந்தவள் டொரீன்.

டொரீனுக்கு அறுபத்திரண்டு வயது. அந்தக் குசினியில் என்னைவிட இருபது வருடம் மூத்தவள். டொரீன் என்பது அவளுடைய உண்மையான பெயர் அல்ல. இந்தக் கதையை எழுதலாமா என்று நான் கேட்டபோது, “எழுது. உன்ட ஊர்ல என்ன யாருக்குத் தெரியும்? ஆனா என்ன மெலிஞ்சவளா எழுது” என்று சொல்லி அந்தப் பெயரையும் அவளே தெரிந்தெடுத்தாள். சரி. டொரீன் மெலிந்தவள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். டொரீன் கதைப்பது ஆங்கிலம். நான் அதை எங்கள் ஊர்த் தமிழில்தான் எழுதப் போகிறேன். என் காதில் அது அப்படித்தான் விழுகிறது. இந்தப் பக்கத்து ஆட்கள் கடைக்காரரில் இருந்து பஸ் சாரதி வரை எல்லோரையும் செல்லமாக ஒரே சொல்லால் கூப்பிடுவார்கள். அந்தச் சொல்லுக்குப் “புள்ள” என்பதைத் தவிர வேறு தமிழ் எனக்குத் தெரியவில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பின்னேரம் புறப்படும்போது நாம் எல்லோரும் சொல்வதைப்போல “போயிட்டு வாறன்” என்பதை அப்படியே ஆங்கிலமாக்கிச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நான் திரும்பி வருவேன் என்று டொரீன் வாசலில் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறாள். மறுநாள், “எங்க புள்ள போன? ஆறின தேத்தண்ணிய நானே குடிச்சன்” என்றாள். அன்றிலிருந்து எங்கள் குசினியில் எல்லோரும் புறப்படும்போது “போயிட்டு வாறன்” என்றுதான் சொல்கிறார்கள். தலைமைச் சமையற்காரரும் சொல்கிறார். எங்கள் ஊர்ப் பேச்சு ஒன்றாவது இந்தக் கரையில் குடியேறிவிட்டது.

2

எனக்கும் டொரீனுக்கும் இடையில் ஒரு சண்டை இருந்தது. இரண்டு வருடமாக ஒரு சொல்லும் கதைக்காமல் நடந்த சண்டை.

குசினிக்குப் பின்னால் சாமான் அறை. அதன் கதவு கனமானது, விட்டால் தானாக மூடிக்கொள்ளும். டொரீன் உள்ளே போகும்போதெல்லாம் ஒரு பெரிய தக்காளி டின்னைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போவாள். சாமான் அறைக் கதவு திறந்து கிடந்தால் எலி வரும் என்று வளர்ந்தவள் நான். அவள் அங்கால் போனதும் டின்னை எடுத்து அதன் இடத்தில் அடுக்குவேன். அடுத்த முறை அவள் அதை எடுத்து வைப்பாள். ஒருநாள் அவள் உள்ளே இருப்பது தெரியாமல் டின்னை எடுத்துவிட்டேன். கதவு மூடிக்கொண்டது. அவள் வெளியே வந்தபோது முகம் சுண்ணாம்பாக இருந்தது. நேரே முற்றத்துக்குப் போய்ச் சற்று நேரம் நின்றாள். திரும்பி வந்து ஒரு பகிடி விட்டாள். என்ன பகிடி என்று நினைவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. வாய் ஓயாமல் கதைக்கும் அவளும் அதைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

3

சுனாமி வந்து ஐந்து வருடம் நிறைந்த மார்கழியில், பாடசாலை விடுமுறைக்கு மூடும் கடைசிக் கிழமை, மௌத்தானவர்களை நினைத்துப் பாற்சோறு ஆக்கிக்கொண்டு போனேன். குசினியில் எல்லோருக்கும் கொடுத்தேன். ஏன் என்று கேட்டார்கள். சொன்னேன். எங்கள் தெருவில் போனவர்களைப் பற்றி அங்கேயும் நான் விரிவாகச் சொல்லவில்லை, இங்கேயும் எழுதவில்லை. அவர்களை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

மற்றவர்கள் போன பிறகு டொரீன் கேட்டாள். “வீடு போனதுக்கு ஏதும் தந்தாங்களா புள்ள?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு எங்கள் ஊர் வழக்கத்தை முதலில் விளக்க வேண்டியிருந்தது. மகளுக்கு வாப்பா வீடு கட்டிக் கொடுப்பார், வீட்டு உறுதிப் பத்திரம் மகளுடைய பெயரில் இருக்கும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வந்த மாப்பிள்ளை மாமனார் கட்டிய வீட்டை ஒருநாளும் குறை சொல்ல மாட்டார். கூரை ஒழுகினால்கூட “இந்த வருசம் மழை கொஞ்சம் கூட” என்பார். டொரீனுக்கு இது மிகவும் பிடித்தது. “உங்கட ஊர்லயே நான் பிறந்திரிக்கணும்” என்றாள்.

எங்கள் வீடு கடலில் இருந்து நாலாவது குறுக்குத் தெருவில். கடல் முன் யன்னலால் வந்து பின் யன்னலால் போனது. நாங்கள் சவளக்கடையில் வாப்பாவின் வயலைச் செய்பவர் வீட்டுக்கு ஓடிப்போய், தண்ணீர் வடிந்த பிறகு வந்து பார்த்தோம். நான்கு சுவரும் நின்றன. உள்ளே ஒரு தேங்காய்த் துருவி கிடந்தது. அதுவும் எங்களுடையது அல்ல.

சேதம் கணக்கெடுக்க ஓர் அதிகாரி வந்தார். நான் கூச்சத்தில், முற்றத்தில் போட்டிருந்த கூடாரத்துக்குள் நின்றுகொண்டேன். வெளியே நஸாரும், அவருக்குப் பக்கத்தில் என் வாப்பாவும்.

“வீடு எப்பிடி?” என்று அதிகாரி கேட்டார்.

நஸார் வாப்பாவைப் பார்த்தார். “நல்ல வீடு சேர். மாமா கட்டின வீடு. ஒரு கல்லு அசையல்ல.”

“சீமெந்து நான் குறைக்கல்ல சேர்” என்று வாப்பா தாடியைத் தடவினார்.

அதிகாரி பகுதிச் சேதம் என்ற கட்டத்தில் கோடு போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அடுத்த வீடு ஹாஜறா மாமியுடையது. அது அடியோடு விழுந்திருந்தது. முழுச் சேதம்.

ஒரு மாதத்தில் எங்கள் சுவர்களில் உப்புப் பூத்தது. ஒருநாள் சாய்ந்து நின்றேன், முழங்கை உள்ளே போய்விட்டது. நஸாரிடம் காட்டினேன். “மாமாட்ட சொல்லிராத” என்றார். வாப்பாவிடம் காட்டினேன். “மகன் ஒண்டும் சொல்லல்லியே” என்றார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டே இருந்தால் ஒருநாள் கூரை எங்கள் தலையில் இறங்கும் என்று எனக்கு விளங்கியது. வாப்பா வயலுக்கும் நஸார் கல்முனைக்கும் போன ஒரு நாளைப் பார்த்து, ஹாஜறா மாமியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போனேன்.

“வீடு யார்ர பேர்ல?” என்றார் அதே அதிகாரி.

“என்ட பேர்ல சேர்.”

“ஹஸ்பண்ட் நல்ல வீடு எண்டு சொன்னாரே?”

தரையைப் பார்த்தபடியே சொன்னேன். “அவர் மாமாக்கு முன்னால சொன்ன சேர்.”

அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “நானும் பொஞ்சாதிட வீட்டுலதான் இரிக்கன்” என்றார்.

அப்போது ஹாஜறா மாமி மேசையில் கையை ஊன்றி, “என்ட வீடு பொலபொலவெண்டு விழுந்திட்டு, எல்லாருக்கும் தெரியுது. இவட வீடு உள்ளால செத்துப் போய் நிக்கிது. நிக்கிறதெண்டதுக்காக ஏன் சேர் அத உசிரோட இரிக்கெண்டு எழுதுறீங்க?” என்று கேட்டார்.

மறு கிழமை தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் இரும்புக் கம்பியோடு வந்து சுவரைக் குத்தினார். கம்பி இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தது. வாப்பா அதைப் பார்த்துவிட்டு, “கம்பி நல்ல கூர்” என்றார்.

டொரீன் உருளைக்கிழங்கு மூட்டையில் உட்கார்ந்து, ஏப்ரனால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். “கம்பி நல்ல கூர்” என்று அவளே இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். பிறகு சிரிப்பு நின்றது. எழுந்து போய்த் தன்னுடைய பையில் இருந்து ஒரு கடிதத்தை எடுத்து வந்தாள்.

“என்ட சுவரும் நிக்கிது புள்ள” என்றாள். “அதால எனக்கும் பகுதிச் சேதம்தான் போட்டிரிக்காங்க.”

4

அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, அவர்களுடைய கோவிலின் பாதிரியார் அவளைக் கெடுத்தார். ஒரு தடவை அல்ல, ஒன்றரை வருடம். தாயிடம் சொன்னாள். தாய் வாயைக் கழுவச் சொன்னார். அண்ணன் அவளைப் பொய்க்காரி என்றார். அந்தப் பாதிரியார் வேறு ஊருக்கு மாற்றப்பட்டு, மரியாதையோடு இறந்தும் போனார். இவ்வளவுதான் டொரீன் எனக்குச் சொன்னாள். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. நீங்களும் கேட்க வேண்டாம்.

அந்தத் திருச்சபையைச் சேர்ந்த வேறு சிலரும் பல வருடங்களுக்குப் பிறகு இப்படியே முறையிட்டதால், சபை ஒரு குழுவை அமைத்து நஷ்டஈட்டுக்கு விண்ணப்பம் கோரியிருந்தது. டொரீனும் விண்ணப்பித்தாள். படிவத்தில் நிறையக் கட்டங்கள். வேலை இழந்தீர்களா? குடும்பம் பிரிந்ததா? குடிப்பழக்கம் உண்டா? வைத்தியசாலையில் இருந்தீர்களா? எல்லாவற்றுக்கும் அவள் இல்லை, இல்லை, இல்லை என்று எழுதினாள். குசினியில் ஒருநாளும் லீவு போடாதவள். கென் என்ற நல்ல மனிதரோடு முப்பத்து மூன்று வருடம் வாழ்ந்தவள். கென் மூன்று வருடத்துக்கு முன் காலமானார்.

வந்த கடிதத்தை நானும் வாசித்தேன். எனக்கு விளங்கிய ஆங்கிலத்தில் அதன் சாரம் இதுதான்: உங்களுடைய வாழ்க்கை பெரும்பாலும் பாதிக்கப்படவில்லை என்று தெரிகிறது, ஆகவே உங்களை ஆகக் கீழ்ப் படியில் வைத்திருக்கிறோம், இந்தத் தொகையைத் தருவதால் எதையும் ஒப்புக்கொள்கிறோம் என்று ஆகாது. ஜனவரி முடிவதற்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பவும். விருப்பம் இல்லாவிட்டால் அதற்குள் மேன்முறையீடு செய்யவும்.

“கையெழுத்துப் போடப்போறன்” என்றாள் டொரீன். “அவங்க சொல்றதும் சரிதானே. மத்தவங்கட வாழ்க்கை நொறுங்கிப் போயிரிக்கி. ஒருத்தர் தெருவுல படுக்கிறார். நான் கூடக் கேட்டா அவங்கட பங்கப் புடுங்கிற மாதிரி.”

“ஹாஜறா மாமிக்கு முழுச் சேதம் கிடைச்சது. எனக்கும் பிறகு கிடைச்சது. அதால மாமிட பங்குல ஒரு கல்லும் குறையல்ல” என்றேன்.

அவள் கடிதத்தில் ஒரு வரிக்குக் கீழே விரலை வைத்தாள். பிறகு, “காசு வேணா புள்ள. கீழ்ப் படி, மேல் படி எண்டு எனக்கொண்டும் இல்ல. அந்த ஒரு வரிதான். ஒப்புக்கொள்ளல்லியாம். நடந்த எண்டு அவங்கட கையால எழுதின ஒரு கடிதம் எனக்கு வேணும். அண்ணன் இன்னும் உசிரோட இரிக்கார்” என்றாள்.

மேன்முறையீடு செய்யச் சொன்னேன். முடியாது என்றாள். “என்னத்த எழுதுற? கென்னோட இரிந்த வாழ்க்கை சரியில்ல எண்டா? அந்த மனுசன் என்ன ராணி மாதிரி வெச்சிரிந்தார். கட்டத்த நிரப்புறதுக்காக அவர நான் குறை சொல்ல மாட்டன்.”

அப்போதுதான் எனக்கு நஸார் கூடாரத்துக்கு வெளியே நின்றது நினைவுக்கு வந்தது. சொல்லத் தெரியவில்லை. என் ஆங்கிலம் அந்த இடத்தில் முடிந்துபோனது. கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த தக்காளி டின்னைப் பார்த்தேன். இரண்டு வருடமாக அதை நான் எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தது எனக்கு வெட்கமாகப் போனது. “சனிக்கிழமை எங்கட வீட்டுக்கு வாங்க” என்று மட்டும் சொன்னேன்.

5

அந்தக் கிழமை ராத்தாவோடு ஃபோனில் கதைத்தேன். யுத்தம் முடிந்து அது முதல் மார்கழி. ராத்தாவின் குரலே மாறியிருந்தது. திருக்கோவில் ஊர் வரைக்கும் வேனில் போய் வந்தார்களாம், வழியில் ஒரு இடத்திலும் இறக்கிச் சோதிக்கவில்லையாம். “பேக்க வேனுக்குள்ளயே மறந்துட்டுப் போயிட்டு வந்தன், நம்புறியா?” என்று அதை ஒரு பெருநாள் செய்திபோலச் சொன்னார். ஆனால் அங்கே ஒரு தாய், காணாமல் போன மகனுக்காகப் படிவம் நிரப்பிக்கொண்டு இருந்ததைப் பார்த்தாராம். இறந்தவர் என்று எழுதினால்தான் ஏதாவது கிடைக்கும் என்று யாரோ சொல்ல, அந்தத் தாய் பேனையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

டொரீனின் பெயரைச் சொல்லாமல் அவளுக்கு நடந்ததைச் சொன்னேன். ராத்தா, “அதெல்லாம் அவங்கட ஆக்கள்ற கதை. நமக்கென்ன?” என்று ஃபோனை வைத்துவிட்டார்.

மறுநாள் அவராகவே எடுத்தார். “இஞ்ச கேளு. நமக்குக் குர்ஆன் ஓதித் தந்தவர் ஒரு கிழமைக்குள்ள ஊர விட்டுப் போனாரே, ஞாபகமா? ஏன் போனார் எண்டு நான் அப்பவே உம்மாட்ட கேட்டன். உம்மா அடிச்சா. அண்டையில இருந்து நானும் கேக்கல்ல.”

எனக்கும் ஞாபகம் இருந்தது. அவர் போன பிறகு எங்களோடு ஓதிய ஒருத்தி வருவதை நிறுத்திவிட்டாள். அவள் இப்போது எங்கே என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. நடந்ததா இல்லையா என்பதும் தெரியாது. ஒருவரும் கேட்காததால்தான் தெரியாது. இதை எழுதுவதற்குத்தான் மூன்று கிழமை யோசித்தேன். பனியைப் பற்றி எழுதியிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும்.

6

சனிக்கிழமை டொரீன் வந்தாள். கையில் கேக், தலையில் புதுத் தொப்பி. வாசலில் நின்ற நஸாரை மேலும் கீழும் பார்த்து, “நீங்களா அந்தச் சுவர்க்காரர்?” என்றாள். நஸார் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் எழுத முடியாது.

எங்கள் மகள் ஷிபாவுக்குப் பதினைந்து வயது. மூன்று வருடத்துக்கு முன் சாய்ந்தமருதில் வாய் மூடாமல் தமிழ் கதைத்த பிள்ளை இப்போது நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். புட்டுக்கு மேல் தக்காளி சோஸ் ஊற்றுகிறாள். டொரீனுக்கு முன்னால் நான் ஆங்கிலம் கதைத்தால் அவளுக்கு வெட்கம். டொரீன் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். “உன்ட உம்மாக்கு ரெண்டு பாசை தெரியும். எனக்கு ஒண்டு. உனக்கு இப்ப ஒண்டரை. நான்தான் வெட்கப்படணும், நீ ஏன் படுற?” என்றாள். ஷிபா கேக்கை எடுத்துக்கொண்டு மேல்மாடிக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் மேலே இருந்து, “உம்மா, தேத்தண்ணி இரிக்கா?” என்று தமிழில் ஒரு குரல் வந்தது. நானும் நஸாரும் ஒன்றும் நடக்காததுபோல இருந்தோம்.

சாப்பிட்ட பிறகு டொரீனே நஸாரிடம் விஷயத்தைச் சொன்னாள். படிவம், கென், எல்லாம். நஸார் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, அரைவாசி ஆங்கிலமும் மிச்சம் கையுமாகக் கதைத்தார். நான் அதை முழுசாக எழுதுகிறேன்.

“நான் மாமாவ வெச்சிக்கிட்டு அந்தப் பதிலச் சொன்ன. மாமா நல்லவர். வீடும் நல்ல வீடு. அது பொய்யில்ல. ஆனா அந்த அதிகாரி கேட்டது மாமாவப் பத்தி இல்ல, கடலப் பத்தி. நான் மாமாக்கு மரியாதை செய்யப் போய்க் கடலக் காப்பாத்திட்டன். நீங்க கென்ன குறை சொல்ல வேணா. கென் நல்ல வீடு. அந்த ஆள் என்ன செஞ்சான் எண்டதச் சொல்லுங்க.”

டொரீன் அவரையே பார்த்தாள். “இந்த மனுசன் உணவகத்துலயா வேலை செய்றார்?” என்று என்னிடம் கேட்டாள்.

“என்ட வீட்டுல எழுத ஏலா” என்றும் சொன்னாள். “அலுமாரிக்கு மேல கென்ட படம் இரிக்கி.”

“இஞ்ச படம் இல்ல” என்றார் நஸார். “மாமாவும் இல்ல. எழுதுங்க.” தேத்தண்ணி வைக்கப்போவதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார். பிறகு ஒன்றரை மணி நேரம் அவர் அந்தப் பக்கம் வரவில்லை. குசினியில் ஏற்கெனவே கழுவிய சட்டிகளைத் திரும்பக் கழுவும் சத்தம் கேட்டது.

டொரீன் எழுதினாள். எழுதும்போது வாய்விட்டுச் சொன்னாள். கதவு மூடிய அறையில் ஐம்பத்து மூன்று வருடமாக இருந்ததில்லை. பஸ்ஸில் வாசலுக்குப் பக்கத்து இருக்கை இல்லாவிட்டால் அந்த பஸ்ஸை விட்டுவிடுவாள். லீவு போடாததற்குக் காரணம், வீட்டில் சும்மா இருந்தால் நினைவு வரும் என்பது. கென் குளியலறைக் கதவின் பூட்டைக் கழற்றி வைத்தார், ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை. தாயின் அடக்கம் அந்தக் கோவிலில் நடந்ததால் தெருவின் மறுபக்கம் நின்று பார்த்தாள். ஒன்பது வயது வரை கோவிலின் பாட்டுக் குழுவில் பாடியவள், அதற்குப் பிறகு பிறந்தநாள் பாட்டுக்கூடப் பாடியதில்லை, வாயை மட்டும் அசைப்பாள்.

“இதெல்லாம் எந்தக் கட்டத்துல போடுற?” என்று நிறுத்திக் கேட்டாள்.

“கட்டத்துக்கு வெளியில எழுதுங்க” என்றேன். அன்று நான் சொன்ன ஒரே ஒரு பிரயோசனமான வார்த்தை அதுதான்.

கடைசிப் பந்தியில், தொகையைப் பற்றி நீங்கள் எப்படியும் முடிவெடுங்கள், ஒப்புக்கொள்ளவில்லை என்ற வரியை எடுத்துவிட்டு உண்மையை எழுதுங்கள் என்று கேட்டாள். எழுதி முடித்து ஏழு பக்கத்தையும் அடுக்கிவிட்டு, “பசிக்கிது” என்றாள். நஸார் இரண்டாவது முறை சோறு போட்டார். அவ்வளவு இறைச்சியையும் அந்த மெலிந்த டொரீன் எப்படிச் சாப்பிட்டாள் என்று எனக்குத் தெரியாது.

7

பதில் வர ஆறு மாதம் ஆனது. இடையில் ஒருமுறை அவளைக் குழுவுக்கு முன்னால் அழைத்தார்கள். கதவைத் திறந்து வைத்தால்தான் கதைப்பேன் என்றாளாம். திறந்து வைத்தார்களாம். அந்தக் குழுவில் இருந்த ஒரு பெண், பழைய படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “நாங்கள் கேட்ட கேள்விகள்தான் பிழை” என்று சொன்னாராம். வீட்டுக்கு வந்த பிறகு டொரீன் அதை எனக்கு ஃபோனில் நான்கு முறை சொன்னாள்.

ஆனி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, கரட் நறுக்கிக்கொண்டிருக்கும்போது கடிதத்தோடு வந்தாள். காலையில் தபாலில் வந்ததை உடைக்காமலே கொண்டுவந்திருந்தாள். “நீ உடை” என்றாள். கை ஈரம் என்றேன். “எனக்கு மட்டும் காய்ஞ்சா இரிக்கி?” என்றாள். கடைசியில் தலைமைச் சமையற்காரர் கத்தரிக்கோலால் உறையை வெட்டித் தந்தார். அவருக்கு அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது.

அவளைக் கீழ்ப் படியில் இருந்து எடுத்திருந்தார்கள். ஆக மேல் படி அல்ல, அதற்கு ஒன்று குறைவு. அதை அவள் வாசிக்கவே இல்லை, பிறகு நான்தான் சொன்னேன். அவள் முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். நீங்கள் சொன்னதை நாங்கள் நம்புகிறோம், அது நடந்தது, அது எங்களுடைய பாதிரியார் செய்த குற்றம், குழந்தையாக நீங்கள் சொன்னபோது கேட்காதது எங்களுடைய இரண்டாவது குற்றம் என்று எழுதியிருந்தார்கள். கீழே கையால் போட்ட கையெழுத்து. ஒப்புக்கொள்ளவில்லை என்ற வரி எங்கேயும் இல்லை. நான் இரண்டு பக்கமும் திருப்பித் தேடிப் பார்த்தேன்.

டொரீன் அழுவாள் என்று நினைத்து நான் துணியை எடுத்து வைத்தேன். அவள் அழவில்லை. கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பைக்குள் வைத்தாள். கை கழுவினாள். கரட்டை எடுத்தாள். நறுக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் ஒரு சத்தம் கேட்டது. தண்ணீர்க் குழாய் பழுதாகிவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தேன். டொரீன் பாடிக்கொண்டிருந்தாள்.

உண்மையைத்தான் எழுத வேண்டும். குரல் சகிக்க முடியாதது. ஐம்பத்து மூன்று வருடம் பூட்டி வைத்த பெட்டியைத் திறந்தால் கீல் எப்படிக் கிறீச்சிடும், அப்படி. தலைமைச் சமையற்காரர், “என்ன டொரீன், யாரக் கொல்லுற?” என்று கத்தினார். அவள் சத்தத்தைக் கூட்டினாள். பாத்திரம் கழுவும் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அந்தப் பாட்டுத் தெரியாது. ஆனாலும் நானும் பாடினேன். கூட்டத்தில் என் பெயரைக் கூப்பிட்டாலே வியர்க்கும் நான், பாடசாலைக் குசினியில் வெள்ளைக்காரர்களுக்கு முன்னால், தெரியாத பாட்டை, தெரியாத ராகத்தில் பாடினேன். சாப்பாட்டு மணி அடித்தபோது யன்னலுக்கு வெளியே முதலாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் நின்று எங்களுக்குக் கை தட்டினார்கள்.

நிவாரணம் கொடுக்கிறவர்கள் விழுந்ததை எண்ணுகிறார்கள். அது சுலபம், தூரத்தில் இருந்தே தெரியும். விழாமல் பிடித்துக்கொண்டு நின்றவரின் கை எவ்வளவு வலித்தது என்று கேட்க அவர்களுடைய படிவத்தில் கட்டம் இல்லை. நன்றாகத்தானே வாழ்ந்தாய் என்று அவருடைய பங்கிலேயே கழித்துக்கொள்கிறார்கள். இதில் நியாயம் எது என்று சொல்ல எனக்குப் படிப்பில்லை. ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரைக் குத்திப் பார்க்கலாம் என்பது மட்டும் எனக்குத் தெரியும். நம்முடைய ஊரிலும் அப்படிக் குத்திப் பார்க்க வேண்டிய சுவர்கள் இருக்கலாம். கேட்டால் அடி விழாது என்று தெரிந்தால் யாராவது சொல்வார்கள்.

8

மறுநாள் வெள்ளிக்கிழமை. பிள்ளைகளுக்கு மீனும் உருளைக்கிழங்குப் பொரியலும். வேலை முடிந்ததும் டொரீன் தபால் கந்தோருக்குப் போய்க் கடிதத்தைப் பிரதி எடுத்து, அண்ணனுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். அதோடு வேறு ஒன்றும் எழுதி வைக்கவில்லை.